தரையில் பரீட்சை எழுத முடியாத கருவி

1761-ம் வருடம், ஜூன் 6. இந்தியப் பெருங்கடலில் ஒரு பிரெஞ்சுக் கப்பல். அதில் கிய்யோம் லெ ஜென்டில் என்று ஒரு வானியலாளர். சூரியனின் முகத்தைச் சுக்கிரன் கடந்து போவதைப் புதுச்சேரியில் இருந்து அளக்க வேண்டும் என்று பிரான்சில் இருந்து கிளம்பி வந்தவர். அவர் வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பிவிட்டது. குறித்த நாளில் வானம் தெளிவாக இருந்தது. சுக்கிரனும் கண்ணுக்குத் தெரிந்தது. கருவிகளும் கையில் இருந்தன. ஆனால் ஆடிக்கொண்டே இருக்கிற கப்பலில் நின்றுகொண்டு எதைத் துல்லியமாக அளப்பது? பார்த்ததோடு சரி. (எட்டு வருடம் காத்திருந்து, 1769-ல் புதுச்சேரியிலேயே வான்நோக்கு நிலையம் கட்டி உட்கார்ந்தபோது மேகம் வந்து மூடிக்கொண்டது தனிக்கதை. பாவம் மனிதர்!)

இந்தக் கதையில் எல்லோரும் மேகத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் கப்பல் சொல்லித்தரும் பாடம்தான் பெரியது. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது நிற்கிற இடம் ஆடினால் அளவு தப்பு.

இன்றைக்கு அதே பாடத்தை இன்னும் கடுமையாகப் படிக்க வேண்டிய ஒரு கருவி இருக்கிறது. செயற்கைக்கோள்களுக்குள் வைக்கப்படும் மிக நுட்பமான முடுக்கமானிதான் அது. அதைப் பொறுத்தவரை நம் காலடியில் இருக்கும் பூமியே ஆடுகிற கப்பல்! எந்த ஆய்வகத்தில் வைத்தாலும், மலையைக் குடைந்து உள்ளே வைத்தாலும், அதை முழுதாகச் சோதித்துப் பார்க்க முடியாது. மேலே கொண்டுபோய்ச் சுற்றுப்பாதையில் விட்டுத்தான் பார்க்க வேண்டும். பிரான்ஸ் 1975-லேயே பார்த்துவிட்டது. சீனா 2019-ல் பார்த்துவிட்டது. இந்தியாவும் இந்தப் பரீட்சைக்கு உட்கார வேண்டும், அதுவும் சீக்கிரம் உட்கார வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஏன் என்று பார்க்கலாம்.

கூண்டுக்குள் மிதக்கும் கட்டி

ஈ.சி.ஆர். ரோட்டில் சென்னைக்குப் போகும் பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? தூங்கிக்கொண்டிருப்பவர்கூட முன்சீட்டுக் கம்பியில் போய் முட்டிக்கொள்வார். வண்டியின் வேகம் மாறியதைக் கண் பார்க்க வேண்டியதில்லை, உடம்பே சொல்லிவிடும். முடுக்கமானி செய்யும் வேலையும் இதுதான். செல்போனைப் படுக்கையாகத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஒரு குட்டி முடுக்கமானி.

செயற்கைக்கோளில் வைப்பது இதன் பெரியண்ணன். ஒரு சின்ன உலோகக் கட்டி. அதைச் சுற்றி ஒரு கூண்டு. கட்டி கூண்டின் சுவரில் இடிக்கக் கூடாது. நடுவில் மிதக்க வேண்டும். ஐரோப்பாவின் கோச்சே செயற்கைக்கோளில் இருந்த கட்டி 4 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. உயரம். பிளாட்டினமும் ரோடியமும் கலந்து செய்தது. தீப்பெட்டி அளவுதான், ஆனால் எடை 320 கிராம்! மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்த, தலைமுடியைவிட மெல்லிய ஒரு தங்கக் கம்பி மட்டும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இப்போது கவனியுங்கள். செயற்கைக்கோள் பூமியைச் சுற்றுகிறது என்றால், உண்மையில் அது விழுந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் கட்டியும் கூடவே விழுகிறது. பூமியின் ஈர்ப்பு இரண்டையும் ஒரே மாதிரி இழுப்பதால் கட்டி நகராமல் நடுவிலேயே நிற்கும். ஆனால் 300, 400 கி.மீ. உயரத்திலும் கொஞ்சம் காற்று இருக்கிறது. அந்தக் காற்று வெளிக்கூட்டில்தான் மோதும், கட்டியில் மோதாது. சூரிய ஒளியும் அப்படித்தான், கூட்டை மட்டும் லேசாகத் தள்ளும். கூடு மெல்லப் பின்தங்கும், கட்டி முன்சுவரை நோக்கி நகரப் பார்க்கும். சுற்றியுள்ள மின்முனைகள் உடனே அதைக் கண்டுபிடித்து, மின்விசையால் தள்ளி மறுபடி நடுவுக்குக் கொண்டுவரும். எவ்வளவு தள்ள வேண்டியிருந்தது என்று பார்த்தால், வெளியே காற்றும் ஒளியும் எவ்வளவு தள்ளின என்று தெரிந்துவிடும். அதாவது, ஈர்ப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இந்தக் கருவி அளக்கிறது.

ஈர்ப்பைத் தவிர மற்றதை எதற்காக அளக்க வேண்டும்? ஈர்ப்பைக் கண்டுபிடிக்கத்தான்!

மேட்டூர் அணை 41 முறை

2002 மார்ச் 17 அன்று அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பின. ஒன்றன் பின் ஒன்றாக, சுமார் 220 கி.மீ. இடைவெளியில் இரண்டும் பறந்தன. கீழே நிறை அதிகமாக உள்ள பகுதி வந்தால் முன்னால் போகும் செயற்கைக்கோள் முதலில் இழுபடும், இடைவெளி கூடும். பிறகு பின்னால் வருவது இழுபடும், இடைவெளி குறையும். அந்த 220 கி.மீ. தூரத்தில் ஏற்படும் மாற்றத்தை, தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நுண்ணலை மூலம் அளந்தார்கள்.

ஆனால் இடைவெளி மாறியதற்குக் காரணம் கீழே உள்ள நிறையா, மேலே வீசிய காற்றா? அதைப் பிரித்துச் சொல்வது முடுக்கமானி. அது தப்பாகச் சொன்னால் காற்றை நிலத்தடி நீர் என்று எழுதி வைத்துவிடுவார்கள்.

அந்த முடுக்கமானி ஒழுங்காக வேலை செய்ததால் நமக்கு என்ன தெரிந்தது? 2009-ல் நேச்சர் இதழில் மேத்யூ ரோடெல், இசபெல்லா வெலிகோன்யா, ஜேம்ஸ் ஃபாமிலியெட்டி மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா (டெல்லியும் சேர்த்து) பகுதியில் 2002 ஆகஸ்டுக்கும் 2008 அக்டோபருக்கும் இடையில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் காணாமல் போயிருக்கிறது என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது சுமார் 2.65 கன கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள். மேட்டூர் அணை 41 முறை நிரம்பும் அளவுக்குத் தண்ணீர்! மழை குறைந்ததால் அல்ல, மோட்டார் போட்டு இறைத்ததால் போன தண்ணீர்.

அதே வருடம் ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தின் வி.எம். திவாரியும் அமெரிக்க ஆய்வாளர்களும் வட இந்தியா முழுவதற்கும் இன்னும் பெரிய பரப்பில் இதே மாதிரிக் கணக்குப் போட்டார்கள். கிணற்றுக்குள் ஒரு வாளிகூட இறக்காமல், பல நூறு கிலோமீட்டர் மேலே இருந்துகொண்டு, நம் நாட்டின் தண்ணீர்க் கணக்கு எழுதப்பட்டது. எழுதியது நம் செயற்கைக்கோள் அல்ல என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரையில் ஏன் முடியாது?

"இவ்வளவு முக்கியமான கருவியை நன்றாகப் பரிசோதித்துவிட்டு அனுப்ப வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

கிரேஸில் இருந்த முடுக்கமானி, ஒரு வினாடிக்குள் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு மாறினாலும் சொல்ல வேண்டும். தரையில் அதை வைத்தால் என்ன ஆகும்? முதலில், கட்டி மிதக்காது, 'தொப்'பென்று கீழ்ச்சுவரில் உட்கார்ந்துவிடும். உயர் மின்னழுத்தம் கொடுத்துத் தூக்கி நிறுத்தலாம். கட்டி கனமாக இருந்தால் அதுவும் நடக்காது.

சரி, தூக்கி நிறுத்திவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேசை சமமாக இருக்க வேண்டுமே? ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டு அதில் ஒரே ஒரு பங்கு மேசை சாய்ந்தாலும் போச்சு. ஒரு ரூபாய் நாணயத்தை 5 கி.மீ. தள்ளி வைத்தால் அது எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவுதான் அந்தக் கோணம். அந்தச் சாய்விலேயே புவியீர்ப்பின் சுமார் 2 லட்சத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் வந்து சேர்ந்துவிடும். கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். ஆனால் கிரேஸ் அளக்க வேண்டிய அளவோடு ஒப்பிட்டால் அது கிட்டத்தட்ட 5 லட்சம் மடங்கு பெரிது! திருவிழாக் கூட்டத்தில் நடுவில் நின்றுகொண்டு எறும்பு நடக்கும் சத்தத்தைக் கேட்கப் பார்ப்பது மாதிரி.

இது போதாதென்று தரை சும்மாவும் இருப்பதில்லை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு அலை பாறையில் மோதும் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஆனால் கடல் அலைகளால் தரையே மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கிறது. கடலில் இருந்து வெகு தூரத்தில் உள்ள நிலநடுக்கப் பதிவுக் கருவிகளில்கூட இந்த அதிர்வு பதிவாகும். அந்தச் சாலையில் ஓடும் ஒரு ஸ்கூட்டர் இந்த முடுக்கமானிக்கு நிலநடுக்கம்!

அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். கருவியைக் கீழே போட்டுவிடுவது! ஜெர்மனியின் பிரேமன் நகரில் 146 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இருக்கிறது. உள்ளே காற்றை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, கருவியை ஒரு குப்பியில் வைத்து 110 மீட்டர் விழவிடுவார்கள். விழுகிற நேரம் முழுக்க எடையே இல்லை. இந்த முடுக்கமானிகளை அங்கே கொண்டுபோய் விழவிட்டுத்தான் பார்த்தார்கள். நம் ஊருக்குப் பக்கத்திலேயே, சென்னை ஐ.ஐ.டி.யிலும் எடையற்ற நிலையில் தீ எப்படி எரிகிறது என்று ஆராய இப்படி ஒரு கோபுரம் இருக்கிறது.

ஆனால் பிரேமனில் கிடைப்பது 4.74 வினாடி. சென்னையில் 2.5 வினாடி. செயற்கைக்கோள் பூமியை ஒரு முறை சுற்ற ஒன்றரை மணி நேரம் ஆகும், பல வருடம் சுற்ற வேண்டும். 4.74 வினாடியில் என்ன தெரியும்? கட்டி மிதக்கிறதா, சுவரில் இடிக்காமல் பிடித்துக்கொள்கிறதா, அவ்வளவுதான். நீச்சல் தெரியுமா என்று பார்க்க ஒருவனைத் தண்ணீரில் தள்ளி உடனே வெளியே இழுத்துவிடுவது போல. மூழ்கவில்லை என்று தெரியும், ஆற்றைக் கடப்பானா என்று தெரியாது.

மேலே போனால்தான் தெரியும் விஷயங்கள்

சுற்றுப்பாதையில் பரிசோதிப்பது ஒரு தனிக்கலை. செயற்கைக்கோளின் குட்டி உந்திகளை வேண்டுமென்றே இயக்கி ஆட்டிப் பார்ப்பார்கள். கொடுத்த ஆட்டமும் கருவி சொல்லும் ஆட்டமும் பொருந்துகிறதா என்று ஒப்பிடுவார்கள். கோச்சேயில் இப்படித்தான் அவ்வப்போது குலுக்கினார்கள். செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் நுழையும்போது சூரிய ஒளியின் தள்ளுதல் நின்றுபோகும். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு படி இறங்க வேண்டும். கிரேஸில் இன்னொரு வேலையும் செய்தார்கள். மிதக்கும் கட்டி செயற்கைக்கோளின் நிறை மையத்தில் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செயற்கைக்கோள் லேசாகத் திரும்பினாலும் அதை முடுக்கம் என்று கருவி நினைத்துக்கொள்ளும். அதற்காக உள்ளே சின்ன எடைகளை நகர்த்தி நகர்த்தி, 0.1 மி.மீ. அளவுக்கு மையத்தைச் சரிசெய்தார்கள்.

எதிர்பாராத விஷயங்களும் வந்தன. கிரேஸுக்குள் ஒரு ஹீட்டர் எரிந்து அணையும்போதெல்லாம் முடுக்கமானியின் பதிவில் ஒரு முள் தோன்றியது. வெயிலும் நிழலும் மாறி மாறி வந்ததில், செயற்கைக்கோளைச் சுற்றியிருந்த மெல்லிய காப்புத் தாள் 'படக்' 'படக்' என்று சுருங்கி விரிந்தது. அதையும் கருவி பதிந்தது! தகரக் கூரை வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும், வெயில் இறங்கும்போது கூரை அப்படித்தான் சத்தம் போடும். இதையெல்லாம் எந்தத் தரை ஆய்வகமும் முன்கூட்டியே சொல்லவில்லை.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகும் 2018 மே 22 அன்று ஏவப்பட்ட கிரேஸின் வாரிசு இரட்டையர்களில் ஒன்றின் முடுக்கமானி சில வாரங்களிலேயே சரியாக வேலை செய்யாமல் போனது. இன்னொன்றின் முடுக்கமானி சொல்வதை வாங்கி, சுமார் அரை நிமிட இடைவெளியைக் கணக்கில் எடுத்துத் திருத்தி, ஒட்டுப்போட்டுத்தான் வேலையை நடத்தினார்கள். கைதேர்ந்தவர்களுக்கே இப்படி என்றால், முதல் தடவை செய்கிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே பெரிய செயற்கைக்கோளை அனுப்பலாமா?

கள்ளிச்செடியில் இருந்து தொடங்கியவர்கள்

பிரான்ஸ் அப்படி அனுப்பவில்லை. பாரிஸை அடுத்த ஷாத்தியோனில் இருந்த ஓனெரா என்ற விண்வெளி ஆய்வு நிறுவனம் 1970களில் செய்த முடுக்கமானியின் பெயர் காக்டஸ், அதாவது கள்ளிச்செடி! (நீளமான பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம்தான், செடிக்கும் கருவிக்கும் சம்பந்தம் இல்லை.) அதைச் சுமந்த காஸ்டர் செயற்கைக்கோள் 1973 மே மாதம் ராக்கெட் கோளாறால் அழிந்தது. விட்டுவிடவில்லை. மறுபடி செய்து 1975 மே 17 அன்று ஏவினார்கள். அந்தச் செயற்கைக்கோளின் முக்கிய வேலையே அந்த ஒரு கருவியைப் பரீட்சை பண்ணுவதுதான்.

பிறகு 2000-ல் ஜெர்மனியின் சாம்ப் செயற்கைக்கோளில் ஓனெராவின் அடுத்த தலைமுறை முடுக்கமானி ஏறியது. அதில் ஒரு திசையில் கோளாறு. அந்தப் பாடத்தோடு 2002-ல் கிரேஸ். 2009-ல் கோச்சே, ஒரே செயற்கைக்கோளில் ஆறு முடுக்கமானிகள். 2016 ஏப்ரலில் மைக்ரோஸ்கோப். பிளாட்டினக் கலவை உருளையும் டைட்டானிய உருளையும் ஒரே மாதிரிதான் விழுகின்றன என்று 2022-ல் வெளியான அதன் இறுதி முடிவு, பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு அளவுக்கு உறுதி செய்தது. கலிலியோ கேட்ட கேள்விக்கு இதுவரை கிடைத்ததிலேயே நுட்பமான பதில் அது!

ஐரோப்பா 2015 டிசம்பர் 3 அன்று லிசா பாத்ஃபைண்டர் என்ற செயற்கைக்கோளையே வெறும் ஒத்திகைக்காக அனுப்பியது. 38 செ.மீ. இடைவெளியில் 2 கிலோ எடையுள்ள இரண்டு தங்க-பிளாட்டினக் கட்டிகள். அவற்றை எவ்வளவு அசையாமல் மிதக்க வைக்க முடியும் என்று பார்ப்பதுதான் வேலை. எதிர்பார்த்ததைவிட ஐந்து மடங்கு நன்றாக மிதந்தன. அந்தத் தைரியத்தில்தான் விண்வெளியில் ஈர்ப்பு அலைகளைத் தேடும் லிசா திட்டத்துக்கு 2024 ஜனவரியில் முழு அனுமதி கிடைத்தது. சீனாவும் 2019 ஆகஸ்டில் தைஜி-1, டிசம்பரில் தியான்சின்-1 என்று இரண்டு சோதனைச் செயற்கைக்கோள்களை அனுப்பிவிட்டது.

ஒத்திகை வீண்செலவு இல்லை. ஒத்திகை இல்லாமல் மேடை ஏறுவதுதான் வீண்செலவு.

நம் கையில் என்ன இருக்கிறது?

இந்தியாவுக்கு முடுக்கமானி தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். திருவனந்தபுரத்தில் உள்ள இஸ்ரோவின் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் யூனிட் ராக்கெட்டுகளுக்கும் விண்கலங்களுக்கும் முடுக்கமானிகள் செய்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் மெத்தென்று இறங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அது வேறு, இது வேறு. அரிசி மண்டித் தராசும் தராசுதான், நகைக்கடைத் தராசும் தராசுதான். மண்டியில் குண்டுமணி எடை பார்க்க முடியாது. நகைக்கடையில் மூட்டையை ஏற்ற முடியாது. பூமியின் ஈர்ப்பை அளப்பதற்கென்று இந்தியாவுக்குச் சொந்தமாக ஒரு செயற்கைக்கோள் இல்லை.

ஆனால் பரீட்சைக்கூடம் இருக்கிறது! பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலை, செயற்கைக்கோளை விட்டுவிட்ட பிறகு கறிவேப்பிலை மாதிரி தூக்கி எறியப்பட்டுக்கொண்டிருந்தது. அதையே ஆய்வு மேடையாக்கினால் என்ன என்று இஸ்ரோ யோசித்தது. 2019 ஜனவரியில் சென்னையைச் சேர்ந்த மாணவர் குழுவின் கலாம்சாட் அந்த நான்காம் நிலையில் உட்கார்ந்து பறந்தது. 2022 ஜூனில் அது சொந்தமாக நிலைப்படுத்திக்கொள்ளும் மேடையாக வளர்ந்து போயம் என்று பெயர் வாங்கியது. 2024 டிசம்பர் 30 அன்று கிளம்பிய போயம்-4-ல் 24 கருவிகள். அதில் ஒன்றில் காராமணி விதை முளைத்து இலை விட்டதை எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. நல்ல விஷயம். காராமணிக்கு இடம் கிடைக்கும் மேடையில் நுட்பமான முடுக்கமானிக்கும் ஒரு மூலை கிடைக்கட்டும்.

எதிர்க் கேள்விகள் வரும். வரட்டும்.

"கிரேஸ் தகவல் இலவசமாகத்தானே கிடைக்கிறது?" உண்மைதான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய கிரேஸ் 2017-ல் ஓய்ந்து புதியது 2018-ல் வேலையைத் தொடங்கும்வரை ஏறக்குறைய ஒரு வருடத் தகவல் உலகத்தில் யாரிடமும் இல்லை. அந்த ஒரு வருடத்தில் பஞ்சாபில் மோட்டார்கள் நிற்கவில்லை. எப்போது ஏவுவது, எந்தப் பாதையில் ஓட்டுவது என்பதையும் நாம் முடிவு செய்யவில்லை. பக்கத்து வீட்டுக் கடிகாரத்தை எட்டிப் பார்த்து எத்தனை நாள் பள்ளிக்கூடம் போவது?

"போயம் ஆடுமே?" ஆடும். அது அமைதியான செயற்கைக்கோள் அல்ல. நிலைப்படுத்தும் உந்திகள் அடிக்கடி இயங்கும், மற்ற கருவிகள் அதிரும், ஆயுளும் சில மாதம்தான். அதில் கிரேஸ் அளவு நுட்பத்தை எதிர்பார்ப்பது பேராசை. ஆனால் முதல் பரீட்சைக்கு அது போதும். கட்டி மாதக்கணக்கில் மிதக்கிறதா? ஏவும்போது ஏற்படும் குலுக்கலைத் தாங்குகிறதா? வெயிலிலும் நிழலிலும் அளவு எப்படி நழுவுகிறது? இவற்றுக்குப் பதில் கிடைக்கும். 350 கி.மீ. உயரத்தில் காற்றின் எதிர்ப்பு நன்றாகவே தெரியும் என்பதால் மேல்வளிமண்டலத்தின் அடர்த்தியையும் அளக்கலாம். அதன் விலை என்ன என்று 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்குத் தெரிந்தது. சூரியப் புயலால் மேல்வளி அடர்ந்துபோய், அப்போதுதான் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் சுமார் 40 விழுந்துவிட்டன.

"ஏழை நாட்டுக்கு இது தேவையா?" ஏழை நாட்டுக்குத்தான் தேவை. பணக்கார நாடு கடல்நீரைக் குடிநீராக்கிக் குடித்துக்கொள்ளும். போர்வெல்லை நம்பி வாழும் நாட்டுக்குத் தண்ணீர்க் கணக்கு வேண்டும்.

புதுச்சேரிக்கு என்ன?

இந்த ஊரின் குழாயில் வருவது பெரும்பாலும் நிலத்தடி நீர். ஒரு பக்கம் கடல். நல்ல தண்ணீரை இறைக்க இறைக்க உப்புத் தண்ணீர் உள்ளே வரும். ஆனால் கிரேஸ் படத்தில் புதுச்சேரியைத் தேடினால் கிடைக்காது. சுமார் 300 கி.மீ. அகலத்துக்குக் குறைந்த எதையும் அது தெளிவாகப் பிரித்துக் காட்டாது. புதுச்சேரி மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த மாவட்டமும் தனியாகத் தெரியாது. இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டுமானால் இன்னும் தாழ்வாகப் பறக்க வேண்டும், அங்கே காற்று அதிகம், அதனால் முடுக்கமானி இன்னும் நன்றாக இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கிறது.

கன்னியாகுமரிக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இன்னொரு அதிசயமும் இருக்கிறது. அங்கே ஈர்ப்பு குறைவாக இருப்பதால் கடல்மட்டமே, இருக்க வேண்டிய அளவைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. உலகத்திலேயே பெரிய ஈர்ப்புப் பள்ளம் அது! அது எப்படி உண்டாகியிருக்கும் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேவாஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் 2023-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். நம் வாசலில் இருக்கும் பள்ளத்தின் படத்தை நாமும் எடுக்க வேண்டாமா?

பிரான்சுக்கும் புதுச்சேரிக்கும் உள்ள உறவு என்றால் மஞ்சள் சுவர்களும் போலீஸ்காரர்களின் சிவப்புத் தொப்பியும் மட்டும்தான் என்று சுற்றுலா வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இஸ்ரோவின் விகாஸ் என்ஜின் பிரான்சின் வைகிங் என்ஜினில் இருந்து வந்தது. 2011-ல் மேகா-டிராபிக்ஸ், 2013-ல் சரல் என்று இரண்டு நாடுகளும் சேர்ந்தே செயற்கைக்கோள்கள் அனுப்பியிருக்கின்றன. நுட்பமான முடுக்கமானியில் அரை நூற்றாண்டு அனுபவம் உள்ள நாடு பிரான்ஸ். கேட்டால் கற்றுத்தர ஆள் இருக்கிறது. பிரெஞ்சு படிக்கிறவர்களும் இயற்பியல் படிக்கிறவர்களும் ஒரே தெருவில் இருக்கும் ஊர் இது.

போயமில் கருவி வைக்க நிறுவனங்களும் கல்வி நிலையங்களும் இன்-ஸ்பேஸ் அமைப்பு வழியாக விண்ணப்பிக்கலாம். முதல் கருவி நோபல் பரிசுக்கானதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கட்டி, ஒரு கூண்டு, சில மின்முனைகள், மிதக்கிறதா என்று பார்க்க ஒரு மாதம். அது இடித்து நின்றுபோனாலும் பரவாயில்லை, எங்கே இடித்தது என்று தெரிந்தால் அடுத்த தடவை இடிக்காது. காஸ்டரின் முதல் பயணம் தோற்றுப்போனது, ஞாபகம் இருக்கிறதல்லவா?

அடுத்த போயம் பட்டியல் வெளிவரும்போது ஒரு முறை படித்துப் பாருங்கள் நண்பர்களே. அதில் ஒரு நுட்பமான முடுக்கமானியின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று உங்கள் கல்லூரி இயற்பியல் துறையிலேயே முதலில் கேளுங்கள்.